வாக்கு தடுமாறிய பின்: பக்கவாதம், போதகர், நம்பிக்கை



ஓய்வுபெற்ற போதகர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் உரை இது. கடைசிக் காலத்தைப் பக்கவாதத்தோடு கழித்தவர் அவர். அதனால் நோயையும் நம்பிக்கையையும் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் விரும்பினார்கள். அவரைப் பற்றிச் சொல்ல, அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களும் திருமண ஆசி பெற்றவர்களும் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். ஆகவே நான் வேறு மூவரை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாமவர், நம் குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் வாழ்ந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ். இரண்டாமவர், அமெரிக்காவில் ஆன்மிக ஆசிரியராகப் புகழ்பெற்ற ராம் தாஸ். மூன்றாமவர், நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தின் தலைமைப் போதகராக இருந்து, முதுமையை வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்ட்ராஃபர்ட் என்ற சிற்றூரில் கழித்த வில்லியம் ஸ்லோன் காஃபின். 1990, 1997, 1999 என்று அடுத்தடுத்து மூவரையும் பக்கவாதம் தாக்கியது. மூவருமே நாவன்மையால் அறியப்பட்டவர்கள். மூவரும் நோய்க்குப் பிறகு தங்களுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசியோ எழுதியோ வைத்திருக்கிறார்கள்.

இவர்களை வைத்துக்கொண்டு நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பக்கவாதத்திலிருந்து மீளும் ஒருவருடைய நம்பிக்கை அவர் ஒருவரே முயன்று உண்டாக்கிக்கொள்ளும் சொத்து என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பங்கை மற்றவர்கள்தான் சுமந்துவந்து அவரிடம் சேர்க்கிறார்கள். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன போதகருக்கு இதை ஏற்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

நோய் எதை எடுத்துக்கொள்கிறது

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அடைப்பினால்தான் வருகிறது. 'வாய் கோணிப்போச்சு', 'ஒரு பக்கம் விழுந்துடுச்சு', 'பேச்சு குழறுது' என்று நம் வீடுகளில் சொல்வதெல்லாம் மருத்துவர் தேடும் அதே அறிகுறிகள்தாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இதைச் சொல்லாமல் பக்கவாதத்தைப் பற்றி எந்த மேடையிலும் பேசக்கூடாது.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சுக்கான பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடிபட்டால் வலது கையும் காலும் விழும். கூடவே பேச்சும் போகலாம். 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஒரே அசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருந்ததைக் காட்டினார். பேச்சு போவதிலும் வகைகள் உண்டு. சிலருக்குச் சொல் நெஞ்சில் நிற்கும், நாக்குக்கு வராது. சிலருக்குச் சொல்லெல்லாம் சரியாக இருக்கும், நாக்கும் உதடும் குழறும். சிலருக்குப் பிறர் பேசுவதே புரியாமல் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர் மூன்றையும் ஒன்றாக எண்ணி, 'அவருக்கு ஒன்றும் தெரியலை' என்று முடிவுகட்டிவிடுகிறார். அதைவிடப் பெரிய அநியாயம் நோயாளிக்கு வேறில்லை.

போதகர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற நாளிலேயே குருமனையைக் காலி செய்திருப்பார். பிரசங்க பீடம் இன்னொருவருடையதாகிவிட்டது. ஆனாலும் அழைத்தால் போய்ப் பிரசங்கிக்கலாம், துக்க வீட்டில் ஜெபிக்கலாம், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். மிச்சமிருந்த அந்த ஒரே கருவியைத்தான் நோய் பறிக்கிறது. 'நான் யார்?' என்ற கேள்வி அவருக்கு அப்போது தத்துவக் கேள்வியாக இருப்பதில்லை. காலையில் கண் விழித்ததும் எதிரில் வந்து நிற்கிறது.

சாந்திவனத்தில் ஒரு விடியல்

1906-இல் பிறந்த பீட் கிரிஃபித்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் சி. எஸ். லூயிஸிடம் படித்தவர். பெனடிக்ட் சபைத் துறவியானார். 1955-இல் இந்தியா வந்தார். கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்தை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்துவிட்டு, 1968-இல் தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்துக்கு வந்தார். மோன்சானென், அபிஷிக்தானந்தர் என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் 1950-இல் தொடங்கிய ஆசிரமம் அது. காவி உடுத்தி, தரையில் அமர்ந்து, கிறிஸ்தவத்தையும் வேதாந்தத்தையும் அருகருகே வைத்துப் படித்தார், நூல்கள் எழுதினார். அவருடைய அறிவுக்கூர்மையைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

1990 ஜனவரி 25. அவருக்கு வயது 83. விடிகாலையில் தம் குடிசையின் திண்ணையில் தியானத்தில் இருந்தபோது தலையில் ஏதோ வந்து அடித்ததுபோல் உணர்ந்தார். கஷ்டப்பட்டு நகர்ந்து கட்டிலுக்குப் போனார். அடுத்த சில நாள்கள் அவரால் அநேகமாகப் பேசவே முடியவில்லை. சாவு வந்துவிட்டது என்றே எண்ணி, அதற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார். சாவு வரவில்லை. அன்னையிடம் உன்னை ஒப்படைத்துவிடு என்ற உந்துதல் தமக்குள் எழுந்ததாகவும், அதற்கு இணங்கியதும் தாங்க முடியாத அளவுக்கு அன்பு தம்மை மூழ்கடித்ததாகவும் பின்னர் விவரித்தார். அதுவரை தம் வாழ்வை ஆண்டுவந்தது பகுத்துப் பார்க்கும் அறிவு. அது அன்று வீழ்த்தப்பட்டது என்பது அவருடைய விளக்கம்.

அவர் அதை இடமூளை, வலமூளை என்று பிரித்துச் சொன்னார். இடமூளை ஆண்தன்மை உடையது, வலமூளை பெண்தன்மை உடையது என்றார். நரம்பியல் இவ்வளவு எளிய பிரிவினையை ஏற்காது. அன்பு வலப்பக்கத்தில் குடியிருக்கிறது என்று எந்த ஸ்கேனும் காட்டியதில்லை. ஆனால் அவருடைய விளக்கத்தைத் தள்ளிவைத்தாலும், நிகழ்ந்த மாற்றம் நிற்கிறது. அவரை முன்பும் பின்பும் பார்த்தவர்கள் அதை உறுதிசெய்திருக்கிறார்கள். ஆங்கிலேயருக்கே உரிய ஒதுக்கம் கரைந்து, மனிதர்களைக் கட்டியணைப்பவரானார். அதன் பிறகும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பயணம் செய்து பேசினார். முந்தைய வாழ்நாள் முழுவதிலும் கற்றதைவிட இந்த இரண்டு ஆண்டுகளில் கற்றது அதிகம் என்றார்.

கதையை இங்கே நிறுத்தினால் அது அற்புத சாட்சியாகிவிடும். 1992 டிசம்பரில் அவருக்குப் பெரிய பக்கவாதம் வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. இந்த முறை எழுந்து நடமாடவில்லை. தூக்கி உட்காரவைக்க, ஊட்டிவிட, துடைத்துவிட ஆசிரமத்தார் இருந்தார்கள். 1993 மே 13 அன்று தம் குடிசையிலேயே இறந்தார். ஜனவரி 1990-இல் தமக்குள்ளே கிடைத்ததாக அவர் சொன்ன அன்பு, கடைசி மாதங்களில் வேறு சிலருடைய கைகளின் வழியாகத்தான் அவரை வந்தடைந்தது. இரண்டாவது காட்சியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

ஒரு ஆன்மிக நினைப்பும் வரவில்லை

எல்லோருக்கும் இப்படி ஒளி வருவதில்லை. ராம் தாஸ் அதற்குச் சாட்சி. ரிச்சர்ட் ஆல்பர்ட் என்ற பெயரில் ஹார்வர்டில் உளவியல் கற்பித்தவர். 1967-இல் இந்தியா வந்து நீம் கரோலி பாபாவிடம் சீடரானவர். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்குத் துணையிருக்கும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். 1997 பிப்ரவரியில், முதுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். மிக வயதான கிழவராக இருந்தால் எப்படி இருக்கும் என்று படுக்கையில் கிடந்தபடி கற்பனை செய்துகொண்டிருந்த வேளையில்தான் பக்கவாதம் வந்தது.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மேலே கூரையில் ஓடிய குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். குருவின் நினைவு வரவில்லை. கடவுள் நினைவும் வரவில்லை. வாழ்நாளெல்லாம் இந்தத் தருணத்துக்காகப் பயிற்சி எடுத்தும் தேர்வில் தோற்றுவிட்டேன் என்று வருந்தினார். வலப்பக்கம் செயலிழந்தது, சொற்கள் எளிதில் வசப்படவில்லை. சக்கர நாற்காலி நிரந்தரமாயிற்று. இந்த நோய் குருவின் அருள்தான் என்று அவர் பின்னாளில் பேசினார். ஆனால் அந்த இடத்துக்கு வர அவருக்கு நெடுநாள் பிடித்தது. நடுவில் விசுவாசமே ஆட்டம் கண்டதை அவர் மறைக்கவில்லை.

அவர் சொன்ன ஒரு வேடிக்கையில் என் கட்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. பிறருக்கு நான் எப்படி உதவுவது என்று கேட்கும் தலைப்பில் 1985-இல் ஒரு நண்பரோடு சேர்ந்து புத்தகம் எழுதியிருந்தார். நோய்க்குப் பிறகு, எனக்கு நீங்கள் எப்படி உதவுவீர்கள் என்றுதான் இனி எழுத வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். கொடுத்தே பழகிய கை வாங்கக் கற்றுக்கொள்வது பெரிய சாதனை. ஆன்மிகப் பணியில் இருப்பவர்களுக்கு அது இன்னும் கடினம். பணிவு என்ற பெயரில் ஒருவிதமான மேட்டிமை நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவேளைச் சோறும் இன்னொருவர் ஊட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் அது உதிர்கிறது.

காஃபின் ஐயா

வில்லியம் ஸ்லோன் காஃபின் 1958 முதல் 1975 வரை யேல் பல்கலைக்கழகத்தின் ஆலயப் போதகர். 1961-இல் தென்மாநிலங்களின் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்தில் பயணம் செய்து கைதானவர். வியட்நாம் போரை எதிர்த்ததற்காக 1968-இல் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்குடன் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். 1977-இல் ரிவர்சைடின் தலைமைப் போதகரானார். இளமையில் பியானோ கலைஞராக வேண்டும் என்று பயின்றவர். அவருடைய பிரசங்கங்களில் அந்தத் தாளம் கேட்கும் என்பார்கள்.

1983-இல் அவருடைய மகன் அலெக்ஸ் பாஸ்டனில் கார் விபத்தில் இறந்தார். சில நாள்களிலேயே காஃபின் பீடம் ஏறினார். மகனின் மரணம் கடவுளின் சித்தம் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களின் இறையியலை அந்தப் பிரசங்கத்தில் கடுமையாக மறுத்தார். கடவுள் கொன்றவர் அல்லர், உடன் அழுதவர் என்பதே அவர் நிலைப்பாடு. அந்தப் பிரசங்கம் இன்றும் வாசிக்கப்படுகிறது.

பதினாறு ஆண்டுகள் கழித்து அவருக்கே பக்கவாதம் வந்தபோது, 'ஏன் எனக்கு?' என்ற கேள்விக்கு அவர் புதிதாக விடை தேட வேண்டியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். மகனுக்காகச் செய்த இறையியல் தந்தைக்கும் போதுமானதாக இருந்தது. பேச்சு குழறியது. இதயமும் பலவீனமாகிக்கொண்டே வந்தது. பயிற்சியெடுத்து, குழறலோடு மறுபடி பேசத் தொடங்கினார். 2004-இல் தொலைக்காட்சியில் பில் மோயர்ஸ் கண்ட நேர்காணலில் அந்தக் குழறலை மறைக்க அவர் முயலவில்லை. மரணம் பக்கத்தில் இருப்பதையும் மறைக்கவில்லை. அதே ஆண்டில் அவருடைய பழைய பேச்சுகளிலிருந்து தொகுத்த நூல் வந்தது. 2005-இல் ஐயமுள்ள இளைஞன் ஒருவனுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூல் வந்தது. கடிதத்துக்கு அவசரமில்லை, நாக்கு தடுக்கினாலும் கருத்து தடுக்காது. அதே 2005-இல் அணுஆயுத ஒழிப்புக்காகப் பல சமயத்தாரையும் இணைக்கும் முயற்சியைத் தொடங்கினார். 2006 ஏப்ரல் 12 அன்று ஸ்ட்ராஃபர்டில் தம் வீட்டில், 81 வயதில் இறந்தார்.

அவர் முழுமையாகக் குணமாகவில்லை. நம்பிக்கை என்றால் பழைய உடம்பு திரும்பிவருவது என்று வைத்துக்கொண்டால் காஃபினுக்கு அது கிடைக்கவில்லை. குழறும் நாக்கோடும் செய்ய வேலை இருக்கிறது, கேட்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது கிடைத்தது. என் கணக்கில் அதுதான் நம்பிக்கை.

பேச்சு போனபின் மிஞ்சும் பாட்டு

இனி ஒரு விந்தையான செய்தி. 1745-இலேயே ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் ஒரு நோயாளியைப் பற்றிப் பதிவுசெய்திருக்கிறார். வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போன ஓர் இளம் விவசாயி அவர். நோய்க்கு முன் கற்றிருந்த ஞானப்பாட்டுகளை, யாராவது தொடங்கிக்கொடுத்தால், தெளிவாகப் பாடினார். சில ஜெபங்களையும் ஒருவிதத் தாளத்தோடு சொன்னார். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டமைப்பது வேறு, நெடுநாள் பழக்கத்தில் ஊறியதைச் சொல்வது வேறு. முன்னது அழிந்தாலும் பின்னது தப்பிப் பிழைக்கலாம். 1973-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே சிகிச்சையாக்கினார்கள். எளிய சொற்றொடரை இராகம்போல் இழுத்துச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்டவைத்து, மெதுவாகப் பேச்சுக்குக் கொண்டுவரும் முறை அது. எல்லோருக்கும் பலிக்காது, சிலருக்கு நன்றாகப் பலிக்கிறது.

நம் சபைகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். மனைவியின் பெயரைச் சொல்லவராமல் 'அது... அது...' என்று தவித்துக் கண்ணீர்விடும் பெரியவர், சுற்றியிருப்பவர்கள் கீர்த்தனையைத் தொடங்கியதும் பல்லவியில் வந்து சேர்ந்துகொள்வார். பரமண்டல ஜெபம் பாதியில் நிற்காமல் ஆமென் வரை போகும். பாட்டு முடிந்ததும் 'தண்ணி' என்று கேட்க வராது. பார்க்கும் உறவினர் திகைப்பார்கள். சிலர் நடிக்கிறார் என்றுகூடச் சந்தேகப்படுவார்கள்.

இதில் போதகருக்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது. அவர் தாமே இயற்றிய பிரசங்கங்கள் போய்விட்டன. அவருக்கும் முந்தைய தலைமுறைகள் தந்த பாட்டும் ஜெபமும் நிற்கின்றன. அவையும் இன்னொருவர் முதலடி எடுத்துக்கொடுத்தால்தான் வருகின்றன. சபை பாடாவிட்டால் அவரும் பாடமாட்டார். விசுவாசம் கூட்டாகச் சுமக்கப்படுவது என்று இறையியல் வகுப்பில் சொல்வதை, இங்கே நரம்பியலே நமக்குக் காட்டுகிறது.

பாத்திரம் கழுவிய பேராசிரியர்

ஜெபம் போதும், பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1950-களின் இறுதியில் நியூயார்க்கில் பெட்ரோ பாக்-இ-ரீட்டா என்ற பேராசிரியருக்குக் கடுமையான பக்கவாதம் வந்தது. நடையும் இல்லை, பேச்சும் இல்லை. வழக்கமான சிகிச்சை முடிந்து, இனி முன்னேற்றமில்லை என்று கைவிடப்பட்டார். மருத்துவ மாணவரான மகன் ஜார்ஜ் தந்தையை மெக்சிகோவில் தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். குழந்தை எப்படி முதலில் தவழ்கிறதோ அப்படியே தொடங்கினார். சுவரில் சாய்ந்தபடி தவழவைத்தார். தரையில் கோலிக்குண்டை உருட்டி, விழுந்த கையால் பிடிக்கவைத்தார். பாத்திரத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, விழுந்த கையால் 15 நிமிடம் ஒரு திசையில், 15 நிமிடம் மறுதிசையில் தேய்க்கவைத்தார். மதிப்புமிக்க பேராசிரியரை நாய்போல் முற்றத்தில் தவழவிடுகிறார்களே என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். பெட்ரோ மறுபடி கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். 1965-இல் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளைத்தண்டின் சேதம் அப்படியே இருந்தது. மூளையின் எஞ்சிய பகுதிகள் வேலையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. இன்னொரு மகன் பால், மூளையின் இந்தத் தகவமைப்பை ஆராய்வதிலேயே வாழ்க்கையைச் செலவிட்டார்.

நம் ஊரிலும் இந்த மரபு உண்டு. 1954-இல் வேலூருக்கு வெளியே நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. கேட்டுப் பெற வேண்டியது நம் பொறுப்பு.

விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இழப்பின் துயரம் ஒரு காரணம். மூளைக்கு ஏற்பட்ட சேதமும் காரணமாகலாம். காரணமில்லாமல் அழுகை பொங்குவதும் சிரிப்பு வெடிப்பதும்கூட நோயின் விளைவாக இருக்கலாம். மருந்தும் ஆற்றுப்படுத்துதலும் பலன் தருகின்றன. 'நாற்பது வருஷம் பிரசங்கம் பண்ணினவர், இப்படி மனசு உடையலாமா?' என்று கேட்கும் மனிதர், அறியாமல் நோயாளியின் மேல் இரண்டாவது அடியை இறக்குகிறார். ராம் தாஸுக்கு வெறுமைதான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் பாவத்தின் சம்பளம் என்று சொல்வதும் தவறு. நோய் ஓர் ஆசீர்வாதம் என்று வெளியாள் சொல்வதும் தவறு. இரண்டாவதைச் சொல்லும் உரிமை, சொல்ல விரும்பினால், நோயாளிக்கு மட்டுமே உண்டு.

ஒரு வேண்டுகோள்

சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. உங்கள் பழைய போதகர் படுத்திருக்கும் வீட்டுக்குப் போங்கள். மாதம் ஒருமுறை கூட்டமாகப் போய் நீண்ட ஜெபம் செய்வதைவிட, வாரம் ஒருவர் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். விழுந்த பக்கத்தை ஒதுக்காமல், அந்தப் பக்கமும் அமருங்கள். அந்தக் கையையும் தொடுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். அவருக்குப் பிடித்த பாட்டின் முதலடியை எடுத்துக்கொடுங்கள். பிசியோ சொன்ன பயிற்சியை நீங்கள் இருக்கும்போதே ஒருதரம் செய்யவையுங்கள். அந்த நேரத்தில் அவர் மனைவி சற்றுப் படுத்து ஓய்வெடுக்கட்டும். இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர்தான். முடிந்தால் ஒரு வேலை கொடுங்கள். திருவிருந்தில் அவர் கையை உயர்த்தி ஆசி வழங்கட்டும், சொல் ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை.

ஆயிரம் வீடுகளுக்கு நம்பிக்கையைச் சுமந்துபோனவர் அவர். இப்போது சுமக்க வேண்டியது நம் முறை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.